முப்பத்தெட்டு முடிச்சு

முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டுதான். அன்றைக்கு மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அதையேதான் சொன்னேன். இன்றைக்கு யாராவது வந்து கேட்டாலும் மாற்றிச் சொல்கிற உத்தேசம் இல்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தக்கலைக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு விலகி, வயலும் வாழைத்தோட்டமுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. ஊர்ப் பள்ளிக்கூடம் ஓர் ஓட்டுக் கட்டடம். ஒரே நீளமான அறையை ஒரு தட்டி இரண்டாகப் பிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் நான்கு, ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டு பெரிய சார் இருப்பார். பெரிய சார் என்றால் தலைமையாசிரியர். இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புவரை இருந்த இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே டீச்சர்.

அட்டைகளை வைத்துப் பாடம் நடத்தும் முறை வந்திருந்த காலம் அது. பெஞ்சுகளையெல்லாம் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். நாங்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். டீச்சரும் எங்களோடு பாயில்தான் உட்கார வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சுவர். தரையிலிருந்து எங்கள் உயரம்வரை சுவர் முழுக்கக் கரும்பலகை வண்ணம் பூசி, கோடு கிழித்து, ஆளுக்கு ஒரு கட்டம் கொடுத்திருந்தார்கள். கட்டத்தின் மேலே அவரவர் பெயர். அதில் எதையும் எழுதலாம், அழிக்கலாம். வீட்டில்கூட எனக்கென்று அப்படி ஓர் இடம் கிடையாது.

ஊரில் பலருக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளையள் வெளயாடுகு, படிக்கல்ல" என்று என் பெரியப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு அவர்தான் தலைவர். பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றியதும், சுதந்திர தினத்துக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பதும் அவர். பெரிய சாரே அவரைக் கண்டால் எழுந்து நின்றுவிடுவார்.

டீச்சர் குளச்சலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். சட்டென்று கோபம் வரும். ஓர் அட்டை காணாமல் போனால் இருபத்திரண்டு பேரையும் பாயைத் தூக்கித் தேடவைப்பார். சத்துணவு சாப்பிட்ட பிறகு அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அதனால் மத்தியானப் பாடங்களை நடந்துகொண்டேதான் நடத்துவார். நீளம் அளக்கும் பாடம் அப்படி ஒரு மத்தியானத்தில்தான் தொடங்கியது.

முதல் நாள் வராந்தாவைக் காலால் அளக்கச் சொன்னார். குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டிவைத்து நடந்தேன். எனக்கு இருபத்தாறு கால் வந்தது. ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவனுக்கு இருபத்தொன்பது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோது பத்தொன்பது. யார் சொல்வது சரி என்று நாங்கள் அடித்துக்கொண்டோம். அவர் தடுக்கவில்லை. மணி அடிக்கப் போகிற நேரத்தில், "சின்னக் கால்னா எண்ணம் கூடும், பெரிய கால்னா கொறயும். அப்ப எல்லாருக்கும் ஒரே கால் வேணும். அதுக்கு எங்க போவோம்?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஒரு கயிறு கொண்டுவந்தார். நீல நைலான் கயிறு. அவருடைய அண்ணன் போட்டில் கடலுக்குப் போகிறவர். அவரிடமிருந்து வாங்கி, மீட்டருக்கு ஒன்றாகப் பத்து முடிச்சு போட்டிருந்தார். கயிறு முழுக்க நீட்டி முடிந்ததும் அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, கல்லிலிருந்து மறுபடி நீட்ட வேண்டும். கல்லுக்குப் பத்து, மிச்சத்துக்கு முடிச்சை எண்ணிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் பாடம். எங்களுக்கு அது திருவிழா. அறையை அளந்தோம், வராந்தாவை அளந்தோம், கிணற்றிலிருந்து கேட்வரை அளந்தோம். பெரிய சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவர் மேசையையும் அளந்தோம்.

கடைசியில் மைதானம். பள்ளிக்கூடச் சுவரிலிருந்து கிழக்கு வேலிவரை. டீச்சர் கோலப்பொடியால் நேராக ஒரு கோடு போட்டுக்கொடுத்து, கயிறு அந்தக் கோட்டை விட்டு விலகக் கூடாது என்றார். ஒரு முனையில் நான், மறுமுனையில் என் கூட்டுக்காரி அஜிதா. மூன்று கல், எட்டு முடிச்சு. முப்பத்தெட்டு.

அறைச் சுவரில் போன வருஷத்து மூன்றாம் வகுப்புக்காரர்கள் எழுதிய சார்ட் தொங்கியது. அதே கயிறுதான், அதே மைதானம்தான். அதில் நாற்பத்தொன்று என்று பெரிதாக எழுதியிருந்தது. டீச்சர் சார்ட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திரும்ப அளக்கச் சொன்னார். முப்பத்தெட்டு. பையன்களை அளக்கச் சொன்னார். அவர்களுக்கும் முப்பத்தெட்டு.

"டீச்சர், மைதானம் சுருங்குமா?" என்று சுஜின் கேட்டான்.

"நீங்கதான் அளந்திய. நீங்க போய்ப் பாத்துச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

நாங்கள் வேலிக்கு ஓடினோம். அது கிளுவை வேலி. மழைக்காலத்தில் கம்பை ஒடித்து நட்டால் போதும், துளிர்த்துவிடும். நாங்கள் நின்ற இடத்தில் எல்லாக் கம்புகளும் இளசு. இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தேன். உள்ளே, வாழைகளுக்கு நடுவில், மூன்று பெரிய தப்படி தள்ளி, வெட்டப்பட்ட பழைய கிளுவைக் குற்றிகள் ஒரே வரிசையில் நின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் என் பெரியப்பாவின் வாழைத்தோட்டம்.

எனக்குக் கவலையே வரவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். பெருமைதான் வந்தது. கோயில் திருவிழாவுக்கு என்னைத் தோளில் தூக்கிப்போனவர் பெரியப்பா. அவருக்குத் தெரியாமல் யாரோ வேலியை மாற்றி நட்டிருக்கிறார்கள், சொன்னால் உடனே சரிசெய்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். குலை தள்ளிய வாழைகளுக்குக் கம்பு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்திருந்த அப்பா பக்கத்தில் நின்று கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, ஒங்க வேலி எங்க பள்ளிக்கூடத்துக்குள்ள வந்திருக்கு. மூணு முடிச்சு."

பெரியப்பா சிரித்தார். "ஆரு மக்ளே அளந்தது?"

"நானும் அஜிதாவும்."

"கயிறு ஆருக்குள்ளது?"

"டீச்சருக்கு."

"அதான் பாத்தேன். கடப்பொறத்துக் கயிறு உப்புத் தண்ணி பட்டுச் சுருங்கியிருக்கும் மக்ளே. அத வச்சு அளந்தா இப்படித்தான் வரும்."

நான் கொஞ்சம் யோசித்தேன். முந்தின நாள் பொடியனின் கால் ஞாபகம் வந்தது.

"கயிறு சுருங்கினா எண்ணம் கூடும் பெரியப்பா. கொறயாது."

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "பிள்ளைய நல்லாத்தான் படிக்க வைக்கே" என்றார். அப்பா கம்பைப் பிடித்தபடியே நின்றார்.

எங்களுக்கென்று தனியாக நிலம் எதுவும் இல்லாத காலம் அது. தாத்தா காலத்துச் சொத்து முழுக்கப் பாகம் பிரிக்காமல் பெரியப்பா கையில் இருந்தது. அப்பா தக்கலையில் ஓர் ஆபீஸில் கிளார்க். நாங்கள் குடியிருந்ததும் பெரியப்பாவின் வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகளில்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நாளைக்கி டீச்சர்கிட்ட, நான் தப்பா எண்ணிட்டேன்னு சொல்லிரு."

"நான் தப்பா எண்ணலயே."

"எண்ணலன்னா என்ன. சொல்லிரு."

"மாட்டேன்."

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "வேலி எங்க நின்னா ஒனக்கு என்னட்டி சோலி? இந்த மாசம் பாகம் பேசணும்னு இருக்கம்லா."

"நீங்க வந்து அளந்து பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னேன். "நான் கயிறு கேட்டு வாங்கித் தாறேன்."

அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கையாலேயே தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவுக்குப் பெரியப்பாவைக் கண்டால் பயம் என்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோபத்தையும் அப்பா மேலேயே வைத்தேன்.

மறுநாள் காலை பெரியப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எல்லாருக்கும் பழம் கொண்டுவந்திருந்தார். பெரிய சார் வாசல்வரை போய்க் கூட்டிவந்தார்.

"பிள்ளையளுக்கு எண்ணம் தெரியல்ல அண்ணாச்சி. நான் அளக்கேன்" என்று சொல்லிவிட்டு, பெரிய சார் கயிற்றைக் கையில் எடுத்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். டீச்சர் வராந்தாவில் நின்றார். சார் சத்துணவுக் கூடத்து மூலையிலிருந்து தொடங்கினார். ஒரு கல், இரண்டு கல், மூன்று கல். நாங்கள் போட்ட கோலப்பொடிக் கோடு ஒரு பக்கமாகவே கிடந்தது. அவர் அதைக் குறுக்கே தாண்டி, வேலியின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"சார், நீங்க சரிஞ்சு போறிய" என்றேன்.

"நீ எண்ணு."

"நேராப் போகணும் சார். சரிஞ்சு போனா கூடும்."

"நாப்பத்தொண்ணு" என்றார் சார், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "பாத்தியளா அண்ணாச்சி. போன வருசம் உள்ளதுதான்."

பிறகு எல்லாரும் உள்ளே வந்தோம். ஜன்னலுக்குக் கீழே என் கட்டத்தில் 'மைதானம் - 38' என்று எழுதியிருந்தேன். சார் தன் கையாலேயே அதை அழித்தார். சாக்பீஸை என்னிடம் கொடுத்தார்.

"நாப்பத்தொண்ணு எழுது."

நான் 38 என்று எழுதினேன்.

அவர் அழித்தார். "ஏட்டி, நாப்பத்தொண்ணு."

38 என்று எழுதினேன். எட்டு கோணலாக வந்தது. அது எட்டு என்று சந்தேகமில்லாமல் தெரியட்டும் என்று அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.

"யாரு சொல்லித் தந்தா ஒனக்கு?" என்றார் சார். கேட்டது என்னை, பார்த்தது டீச்சரை.

டீச்சர் முகம் சிவந்திருந்தது. "பிள்ளையள் எண்ணினத பிள்ளையளே எழுதட்டும் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்னும் நிறையச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன்.

சார் மூன்றாவது முறையும் அழித்தார். நான் மூன்றாவது முறையும் அதையே எழுதினேன். பெரியப்பா, "சவத்த விடும் சார், சின்னப் பிள்ளைலா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போகும்போது என் தலையில் கை வைத்தார். நான் தலையை இழுத்துக்கொண்டேன். அதற்காகத்தான் சார் என்னை வெளியே நிற்கவைத்தார் என்று நினைக்கிறேன்.

மைதானத்தில் வெயிலில் நின்றேன். இன்டர்வெல் மணி அடித்தபோது சார் என்னை உள்ளே விட்டார். டீச்சர் ஒரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்துணவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்தேன். அஜிதாவின் கட்டத்தில் 38. அதற்கு அடுத்த கட்டத்தில் 38. ஜன்னலிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து தட்டிவரை, எல்லாக் கட்டங்களிலும் மஞ்சள், வெள்ளை, சிவப்புச் சாக்பீஸ்களில் 38. ஒன்றாம் வகுப்புப் பொடியன் மட்டும் 83 என்று எழுதியிருந்தான். அவனுக்கு எண்களை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவதென்று இன்னும் பிடிபடவில்லை.

ஒரே ஒரு கட்டத்தில் 41 இருந்தது. சுஜினுடையது. அவனுடைய அப்பா பெரியப்பாவின் வயலில் வேலை செய்தார். நான் அவனோடு அந்த வருஷம் முழுக்கப் பேசவில்லை.

பெரிய சார் தட்டியைத் தாண்டி வந்து பார்த்தார். ஈரத்துணியை எடுத்து இரண்டு கட்டங்களைத் துடைத்தார். மூன்றாவதுக்குப் போகும்போது, முதலில் துடைத்த கட்டத்துக்காரி குனிந்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். அவர் துணியைக் கீழே போட்டுவிட்டுத் தன் பக்கத்துக்குப் போய்விட்டார். அவர் மோசமான மனிதர் இல்லை. கூரை ஓட்டைக்குத் தார்ப்பாய் கேட்டு யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. நான் மட்டும் தினமும் காலையில் என் கட்டத்தில் முதல் வேலையாக 38 என்று எழுதிவிட்டுத்தான் அட்டையை எடுத்தேன். வீட்டில் அப்பா எதைக் கேட்டாலும் பதிலை அம்மாவிடம் சொன்னேன். அப்பா இரண்டு முறை ஆபீஸிலிருந்து தாமதமாக வந்தார். எனக்கு அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் சர்வேயர் வந்தார். கூடவே இரண்டு பேர், ஒரு சங்கிலி, மடிப்பு மடிப்பாக ஒரு பழைய படம். ஊரே மைதானத்தில் கூடிவிட்டது. பாடம் நடக்கவில்லை. என் எண்ணிக்கை எப்படியோ தக்கலைவரை போய்விட்டது, அதைக் கேட்டுத்தான் அரசாங்கமே கிளம்பி வந்திருக்கிறது என்று அஜிதாவிடம் சொன்னேன். அவளும் நம்பினாள்.

அப்பா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில், பெரியப்பாவுக்கு இரண்டடி தள்ளி நின்றார். பெரியப்பாவோடு நிற்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அளந்து முடித்ததும் சர்வேயர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். கூட்டச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்பா முன்னால் போய், சைக்கிள் சீட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெரியப்பாவின் பக்கத்துக்குத்தான் கையெழுத்துப் போடுகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எட்டு வயதில் எல்லாமே நிச்சயமாகத்தான் தெரியும்.

அப்புறம் கல் நட்டார்கள். எங்கள் மூன்று முடிச்சோடு அது நிற்கவில்லை. பழைய குற்றிகளையும் தாண்டி, இன்னும் நாலு மீட்டர் உள்ளே போய்த்தான் முதல் கல் விழுந்தது. போன வருஷத்து நாற்பத்தொன்றும் பொய்யாம். அதற்கு முந்தின மழைகளிலேயே வேலி நகரத் தொடங்கியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் குலை தள்ளிய வாழைகளை வெட்டிச் சாய்த்தார்கள். பெரியப்பா அதைப் பார்க்க நிற்கவில்லை.

நான் அப்பாவின் முன்னால் போய் நின்று, "நான் சொன்னேன்லா" என்றேன். பல நாட்களுக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசியது அதுதான். அவர் என் பையை வாங்கக் கை நீட்டினார். கொடுக்காமல் முன்னால் நடந்தேன்.

அந்த மாதமே நாங்கள் அந்த இரண்டு அறைகளை விட்டு வாடகை வீட்டுக்குப் போனோம். பாகம் பேசி முடிந்தபோது ஆற்றங்கரை வயலும் தோப்பும் பெரியப்பாவுக்குப் போயின. எங்களுக்கு வந்தது பாறையும் முள்ளுமாக ஒரு மேட்டு நிலம். அதில்தான் பிறகு வீடு கட்டினோம். கிணறு வெட்டியும் தண்ணீர் வரவில்லை.

நான் காலேஜில் படிக்கும்போது ஒரு கோடையில், குடத்தோடு மேடேறி வந்த அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்து சொன்னாள்: "ஒங்க அப்பா மட்டும் அந்தப் பெட்டிசனக் குடுக்காம இருந்தா, வயலுக்குப் பக்கத்துல இருந்திருப்போம்."

எந்தப் பெட்டிஷன் என்று கேட்டேன். அவள் சொன்னாள். டீச்சர் கொடுத்தால் டீச்சரை மாற்றிவிடுவார்கள். பெரிய சார் கொடுக்க மாட்டார். ஊரில் வேறு யாரும் பெரியப்பாவுக்கு எதிராகப் பெயர் போட மாட்டார்கள். அப்பாதான் தன் கையால் எழுதி, தன் பெயரைப் போட்டு, தாலுகா ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அண்ணன் தம்பி இருவரும் அதன் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வேலி நகருகது எனக்கு முந்தியே தெரியும் மக்ளே" என்றார். "நாலு வருசமாத் தெரியும். கம்பு நட நானும்தான் கூடப் போவேன்."

சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

நான் சண்டை போட்டதற்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அப்பா அன்று சொல்லச் சொன்னது பொய்தான், நான் மறுத்தது சரிதான். பெரியப்பாவுக்கு அவர் பயந்ததும் உண்மைதான். அதையும் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். பயப்படுகிறவர்கள் எதையும் செய்ய மாட்டார்கள் என்று நினைத்ததுதான் தப்பு.